கையால் பதில் சொன்னவள்

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்று வளர்த்தது மூன்று பேர். ஆஸ்பத்திரியில் கையில் வாங்கித் துடைத்து, துணி சுற்றி, ஆத்தாள் பக்கத்தில் போட்டது எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சோமனூர்ச் சந்தைக்குப் போனால் யாராவது ஒரு வளர்ந்த ஆள் குனிந்து, "ஆயாம்மா, நல்லா இருக்கறீங்ளா?" என்கிறான். முகம் தெரியாவிட்டாலும் நல்லா இருக்கேன் சாமி என்று சொல்லிவைப்பேன். எப்படியும் என் கையில் விழுந்தவனாகத்தான் இருப்பான்.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு நின்றது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். "பேசறாப்பலயே எழுதுனா நல்லா இருக்காது அம்மிச்சி, கொஞ்சம் திருத்திக்கறேன்" என்றாள். "திருத்து. ஆனா எனக்கே அடையாளம் தெரியாதபடி திருத்திப்போடாதே" என்று சொல்லியிருக்கிறேன். பாவம், போன வாரமெல்லாம் அவளுக்குக் காய்ச்சலும் உடம்பு வலியும். விட்டுப்போச்சு என்று சொல்லித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறாள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற அம்மணிகளா, இது உங்களுக்கு. ஆஸ்பத்திரியை இப்போது நடத்துகிற டாக்டர் தம்பி, "புதுப் புள்ளைகளுக்கு ஏதாச்சும் சொல்லுங்க ஆயாம்மா" என்று கேட்டார். படுக்கை மாற்றுவது, காய்ச்சல் பார்ப்பது, பாட்டில் மாற்றுவது எல்லாம் உங்களுக்கு டிரெயினிங்கில் வந்திருக்கும். அதையே நானும் சொன்னால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும். நான் ஒரு காய்ச்சல் காலத்தைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நடந்தது. வருஷம் கேட்காதீர்கள்; ஐப்பசி மழை, தீபாவளி நெருக்கம், அது போதும்.

அப்போது இந்த ஆஸ்பத்திரி ஓட்டு வீடு. நாலைந்து கட்டில், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், ஒரு சின்ன லேப். எக்ஸ்ரே கிடையாது. டாக்டரம்மா தெக்கே இருந்து வந்தவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், டாக்டரம்மா என்றே இருக்கட்டும். ஒல்லியான உருவம், மெதுவான பேச்சு. ஆனால் ஒருதரம் "இல்லை" என்று சொல்லிவிட்டால் சுவர் மாதிரி.

நான் ஆயா வேலைக்கு வருமுன் தறிக்குப் போனவள். எங்கள் பக்கம் விசைத்தறி ஓடுகிற கொட்டகையைத் தறிக்குடோன் என்போம். உள்ளே போனால் பக்கத்தில் இருக்கிறவர் கத்தினாலும் கேட்காது. அதனால் ஒன்று காதில் வாயை வைத்துக் கத்துவோம், இல்லை கையால் பேசுவோம். இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒட்டவைத்துச் சட்டென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தறியை நிறுத்து. தறியில் குறுக்கே ஓடுகிற நாடா போலக் கையை இப்படியும் அப்படியும் ஓட்டிக்காட்டினால் தறி ஓடுது, ஒன்றும் கவலையில்லை. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். முதலாளிக்கு மீசை கிடையாது, ஆனாலும் அதுதான். பத்து வருஷம் தறி ஓட்டினவளுக்கு வீட்டிலும் அதே பேச்சுதான் வரும். எங்கள் தெருவில் மாமியாரும் மருமகளும் சண்டையே கையால் போடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் காய்ச்சல் குடோன் குடோனாகப் போனது. காலையில் ஆஸ்பத்திரி திறக்குமுன் வாசலில் செருப்பு நிறைந்துவிடும். எல்லாருக்கும் ஒரே கதை. திடீரென்று குளிர், உடம்பு முறிகிற வலி, வறட்டு இருமல், கண் எரிச்சல். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

"ஊசி போடுவீங்ளா, மாட்டீங்ளா?"

ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எண்ணம். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் ஊசி போட்டுக்கொள்வார்கள். டாக்டரம்மா எல்லாரிடமும் ஒன்றையே சொல்வார். "இது ஃப்ளூ. உடம்பே சண்டை போட்டு விரட்டும். பாராசிட்டமால் போடுங்க, கஞ்சியும் சுடுதண்ணியும் குடிங்க, தறிக்குப் போகாம படுங்க. மூச்சு வாங்கினாலோ, விட்ட காய்ச்சல் திரும்பி வந்தாலோ அன்னிக்கே என்கிட்ட வரணும்."

அப்போது ஒரு நர்ஸ் புள்ளை கேட்டாள். "ஃப்ளூதான்னு எப்படிம்மா தெரியும்? டெஸ்ட் ஒண்ணும் எடுக்கலையே?"

டாக்டரம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இது ஃப்ளூன்னு காட்டற டெஸ்ட் நம்மகிட்ட இல்லை. தொண்டையில பஞ்சுக்குச்சி விட்டு எடுத்து ரொம்ப தூரம் அனுப்பணும். பதில் வர்றதுக்குள்ள காய்ச்சல்காரர் தறிக்குப் போயிருப்பார். வேற எதுவும் இல்லைன்னு காட்டற டெஸ்ட்தான் நம்மகிட்ட இருக்கு. மலேரியாவா, ரத்தத்துல பாரு. டைபாய்டா, நாள் போனா பாரு. நெஞ்சுல சளி கட்டிருக்கா, காது வெச்சுக் கேளு. எல்லாத்தையும் கழிச்சுட்டு மிச்சம் இருக்கறதை நம்பணும். நம்பிட்டுத் தூங்கிடக் கூடாது. மறுபடி பார்க்கணும்."

உங்களுக்கு இப்போது குச்சியை விட்டுத் திருப்பி எடுத்தால் உடனே பதில் வருகிறதாம். அந்தக் கிருமிக்கென்றே மாத்திரையும் வந்துவிட்டதாம். நல்லது. அன்றைக்கு எங்களிடம் டாக்டரம்மாவின் கண்ணும் காதும்தான் இருந்தன.

ஒரு நாள் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு தறிக்குடோனுக்கே போனார். இவ்வளவு வேகமாகக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க வேண்டுமாம். உள்ளே ஒருத்தன் இருமிக்கொண்டே இன்னொருத்தன் காதில் வாயை ஒட்டிக் கத்திக்கொண்டிருந்தான். டாக்டரம்மா வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"காய்ச்சல் எப்படிப் போகுதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன் ரங்கம்மா. உங்க ஊர்க்காரங்களே கொண்டுபோய்க் காதுக்குள்ள விடறாங்களே!"

டீ நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். இந்தக் காய்ச்சல் அடங்குகிறவரை யாரும் யார் காதிலும் கத்தக் கூடாது. கையால்தான் பேச வேண்டும். ஊரெல்லாம் இது பரவிப்போனது. "டாக்டரம்மாவே நம்ம கைப்பேச்சு நல்லதுன்னு சொல்லிப்போட்டாங்க" என்று எங்களுக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் பழனிச்சாமி வந்தான். நல்ல தறிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே வரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க டாக்டரம்மா, போயிருவேனாட்ட இருக்குதுங்க. தலை ரெண்டாப் பொளக்குது, முதுகுல பாவு உருளையைத் தூக்கி வெச்சாப்பல இருக்குது, கஞ்சி குடிச்சா கசக்குது, குடிக்காட்டிப் பசிக்குது, முந்தாநேத்து இருந்து கண்ணை மூடலீங்க, எங்கம்மாளும் பொலம்பறா, முதலாளி ஆள் மேல ஆள் உடறாரு, நீங்க மனசு வெச்சு ஒரே ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா..."

டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், முதுகில் ஸ்டெதாஸ்கோப்புக் குழாயை வைத்தார். அவன் நிறுத்தவே இல்லை.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குதுங்க! எல்லாமே வாங்குதுங்க!"

"இவ்வளவு நேரம் நடுவுல ஒரு தடவை கூட நிக்காமப் பேசினீங்களே. மூச்சு வாங்கறவரால அது முடியாது. இதுதான் உங்களுக்கு டெஸ்ட். பாஸ் பண்ணிட்டீங்க."

"அப்ப ஊசி?"

"இல்லை."

நர்ஸ் புள்ளை சிரிப்பை அடக்க மூலைக்குத் திரும்பிக்கொண்டாள். பழனிச்சாமி முகம் வாடிவிட்டது. துணைக்கு வந்த சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா புள்ளே" என்றான்.

அந்தப் புள்ளை மரகதம். நானும் அவளும் ஒரே குடோனில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள். வயிற்றில் ஏழு மாசம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே அவளைக் கேட்டார். "உங்களுக்கு எத்தனையாவது மாசம்?"

மரகதம் விரலைக் காட்டினாள்.

"உங்களுக்குக் காய்ச்சல் இல்லையே?"

கையை இப்படியும் அப்படியும் ஓட்டிக்காட்டினாள். நான் சொன்னேன். "ஒண்ணும் இல்லீங்களாம். நல்லா ஓடுதுங்களாம்."

பழனிச்சாமி சேர்ந்துகொண்டான். "எனக்கு மிந்தி அவளுக்குத்தானுங்க வந்துச்சு. தானா விட்டுப்போச்சு. நேத்து மறுக்கா கொஞ்சம் சுட்டுச்சு. அவளுக்குச் சூட்டு ஒடம்புங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"நேத்து மறுபடி சுட்டுதா?" என்று மரகதத்தைப் பார்த்துக் கேட்டார். மரகதம் தோளை லேசாகத் தூக்கி, கட்டைவிரலை ஆட்டினாள். நான், "லேசாத்தானுங்களாம்" என்றேன்.

"ரங்கம்மா, நீ சொல்லாதே. இவரும் சொல்ல வேண்டாம். அவங்க வாயால சொல்லட்டும்."

பழனிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்கதானுங்களே கையில பேசச் சொன்னீங்க! அவ அதைத்தான் செய்யறா!"

"குடோன்ல சொன்னேன். இங்கே தறி ஓடலை. எனக்கு உங்க கைப்பேச்சு தெரியாது." நாற்காலியைத் திருப்பிப் போட்டு மரகதத்தின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். "அம்மா, உங்க தறியில இப்ப என்ன ஓடுது, யாருக்கு ஓடுது, கொஞ்சம் சொல்லுங்க. எனக்குத் தெரியாது, கேக்கணும்."

சாதாரணமாக மரகதத்திடம் இதைக் கேட்டால் முதலாளி வீட்டுக் கல்யாணம் வரைக்கும் சொல்லித்தான் நிறுத்துவாள். வாயைத் திறந்தாள்.

"காடாத் துணி..." நிறுத்தினாள். மூக்கு விடைத்தது. "தீபாவளிக்கு..." மறுபடி நின்றாள். கை தானாக மேலே எழுந்து மிச்சத்தைச் சொல்லப் பார்த்தது. டாக்டரம்மா எழுந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"போதும். உட்காருங்க."

அவள் மூச்சு மட்டும் கேட்டது, மேல்மேலாக, சின்னச் சின்னதாக. அது அதுவரைக்கும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். பழனிச்சாமிக்கும் எனக்கும் அவள் கை நன்றாகப் புரிந்தது. புரிந்ததனாலேயே குரல் வரவில்லையே என்று எங்களுக்குத் தோன்றவில்லை. கைப்பேச்சு தெரியாத ஒருவர்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

டாக்டரம்மா அவள் முதுகில் குழாயை வைத்தார். மேலே, நடுவில், கீழே. வலது பக்கம் கீழே வந்ததும் குழாய் அங்கேயே நின்றுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்போது இருந்த கவனத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பால் பொங்குகிற நேரம் அடுப்பைப் பார்ப்போமே, அப்படி.

பிறகு எல்லாரையும் உட்காரவைத்து, புரிகிறபடி சொன்னார். ஃப்ளூ வந்து போகும்போது கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறது, அந்த வழியில் வேறு கிருமி நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டியிருக்கிறது, நிமோனியா. பிள்ளை வயிற்றில் மேலே ஏறிவருவதால் நுரையீரலுக்கு இடம் ஏற்கெனவே கம்மி. தாய்க்கு மூச்சுக் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். "இவங்களைக் காப்பாத்தினாத்தான் குழந்தையைக் காப்பாத்த முடியும். ரெண்டும் ஒரே வேலைதான்."

பழனிச்சாமியின் கம்பளி கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவனுக்குத் தலைவலி இருந்ததா என்று எனக்குத் தெரியாது; சொல்லவே இல்லை.

டாக்டரம்மா ஊசி மருந்தை எடுத்து மரகதத்தின் நரம்பில் போட்டார். கேட்டவனுக்கு ஊசி இல்லை, கேட்காதவளுக்கு ஊசி. சிரிக்கிற நேரமில்லை, ஆனாலும் எனக்கு அது தோன்றியது. அடுத்து ஆக்சிஜன். முகமூடியைப் பார்த்ததும் மரகதம் தலையைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் ஊரில் ஆக்சிஜன் வைத்தால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். டாக்டரம்மா முகமூடியைத் தன் மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து பேசினார். "நான் செத்துட்டனா, பாருங்க?" மரகதத்துக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. முகமூடியைத் துடைத்து அவளுக்கு வைத்துவிட்டார்.

அதற்குள் சேதி கேட்டு மாமியார் ஓடிவந்துவிட்டார். அவரும் ஆயுசெல்லாம் தறி ஓட்டினவர், மெதுவாகப் பேச வராது. வாசலிலேயே, "ஐயோ, மூச்சுக்குழாய் வெச்சுப்போட்டாங்களே! என்ற மருமகளை மூட்டை கட்டப்போறாங்களே!" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா என்னை மட்டும் பின்பக்கத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பேசினார். என்னிடம் யோசனை கேட்கவில்லை. சத்தமாக யோசிப்பதற்கு அவருக்கு ஒரு ஆள் வேண்டும், அது நான்.

"இங்கேயே வெச்சுக்கலாம். மருந்து போயிருக்கு, கேக்கலாம். ஆனா எக்ஸ்ரே இல்லை, இந்த ஒரு சிலிண்டர் தீர்ந்தா வேற இல்லை, வலி எடுத்துட்டாக் குறைமாசக் குழந்தையை வெச்சுக்க இடமில்லை. கோயமுத்தூர் அனுப்பினா வழியில ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம்." கொஞ்சம் நின்றார். "இல்லை ரங்கம்மா. நல்லா இருக்கும்போதே அனுப்பணும். மோசமானதுக்கு அப்புறம் அனுப்பறதுக்குப் பேர் அனுப்பறது இல்லை, நம்ம கையை விட்டுத் தள்ளறது. இப்பவே போறோம்."

உள்ளே வந்து சொன்னதும் மாமியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவங்க ஊடு திரும்பி வர மாட்டாங்க. நான் உடமாட்டேன். என்ன ஆனாலும் இங்கயே ஆவட்டும்."

டாக்டரம்மா எடுத்துச் சொன்னார், கேட்கவில்லை. பழனிச்சாமி, "அம்மா, உடும்மா" என்றான், கேட்கவில்லை. அப்போது கட்டிலில் இருந்த மரகதம் கையைத் தூக்கினாள். முகமூடிக்குமேல் கண் இரண்டும் மாமியாரையே பார்த்தன. ஆள்காட்டி விரல் இரண்டையும் ஒட்டவைத்தாள், சட்டென்று பிரித்தாள். பிறகு உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள்.

நூல் அறுந்துவிட்டது. தறியை நிறுத்து.

நூல் அறுந்த பிறகும் தறியை ஓடவிட்டால் துணி முழுக்கப் பாழ். அந்த நிமிஷமே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். தறிக்காரிக்கு இதற்குமேல் ஒரு பாஷை இல்லை. மாமியாரின் கை கட்டிலை விட்டுவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டி எங்கடா பழனிச்சாமி?" என்று அதட்டினார். அதட்டல் பழையபடி வந்துவிட்டது.

முதலாளியின் துணி வேன் வந்தது. உள்ளே காடாத் துணி பேல்கள், பெரிய பெரிய கட்டுகள், இருந்தன. இறக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். இரண்டு பேலை முதுகுக்கு அண்டை கொடுத்து, மரகதத்தைச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்தோம். நேராகப் படுக்கவைக்கக் கூடாது, மூச்சுக்கு இடம் வேண்டும். சிலிண்டரை இன்னொரு பேலோடு சேர்த்துக் கட்டினோம். பழனிச்சாமியை டிரைவர் பக்கத்தில், மூக்கும் வாயும் மூடத் துண்டு கட்டி உட்காரவைத்தார். "நீங்க இன்னும் இருமறீங்க. பின்னால திரும்பி அவங்க மேல மூச்சு விடாதீங்க." கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுவிட்டு அவரும் ஏறினார். என்னையும் கூட்டிக்கொண்டார்.

"இனி இவங்க பேசக் கூடாது, மூச்சு வீணாகும். இப்பத்தான் உங்க கைப்பேச்சு வேணும். நீ அவங்க கையைப் பாரு, எனக்குச் சொல்லு."

காலையில் வேண்டாம் என்று நிறுத்திய அதே கை. அதையே அவர் திரும்பக் கேட்ட நேரத்தைப் பாருங்கள். ஒரு விஷயம் நல்லதா கெட்டதா என்று அவர் முடிவு கட்டி வைத்துக்கொள்ள மாட்டார். இப்போது இது எதற்கு உதவும் என்றுதான் பார்ப்பார்.

ரயில்வே கேட் மூடிக்கிடந்தது.

கூட்ஸ் வண்டி. வருகிறது, வருகிறது, முடியவே இல்லை. சிலிண்டர் முள்ளை டாக்டரம்மா பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். வண்டிச் சத்தத்தில் வேனே அதிர்ந்தது. முன்னால் இருந்து பழனிச்சாமி திரும்பி என்னவோ கத்தினான். துண்டுக்குள் வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல் கேட்கவில்லை. மூச்சு விடக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டான். கையைத் தூக்கி, தன் வயிற்றைத் தொட்டு, விரலை விரித்துக் கேட்டான். புள்ளை எப்படி?

மரகதம் கண்ணை மூடினாள். கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு அந்தக் கை வயிற்றின் மேலே மெதுவாக, இப்படியும் அப்படியும், நாடா போல ஓடியது.

ஓடுது.

நான் டாக்டரம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். "தெரியுது" என்று தலையாட்டினார். இதற்கு மட்டும் அவருக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. பழனிச்சாமி முன்பக்கம் திரும்பி, துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். அழுகையா இருமலா என்று டிரைவர் பயந்துபோய்ப் பார்த்தார். கேட் திறந்தது.

கோயமுத்தூரில் வயிற்றுக்குமேல் ஈயத் துணியைப் போர்த்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மாவின் குழாய் நின்ற அதே இடத்தில் படத்தில் வெள்ளையாக இருந்தது. மருந்தும் ஆக்சிஜனும் தொடர்ந்தன. நான் கூடவே இருந்தேன். அவள் கையால் தண்ணீர் கேட்பாள், மாமியாரைப் பற்றிக் கேட்பாள், பக்கத்துக் கட்டில்காரி குறட்டையைப் பற்றிக் கோள் சொல்வாள். அங்கிருந்த நர்ஸ்கள் எங்களை ஊமைச் சகோதரிகள் என்றே நினைத்திருந்தார்கள். ஒரு காலையில் முகமூடியைக் கழற்றியதும் மரகதம் வாய் திறந்து, "டீ கெடைக்குங்ளா?" என்று கேட்டாள். அந்த நர்ஸ் புள்ளை தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

ஊருக்குத் திரும்பி டாக்டரம்மாவைப் பார்க்க வந்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். டாக்டரம்மா குழாயைத் தொடவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க தறியில என்ன ஓடுதுன்னு அன்னிக்குப் பாதியில நின்னுபோச்சு. சொல்லுங்க."

"காடாத் துணிதானுங்க தீபாவளிக்குன்னு ஓட்டுனோம் ஆனா நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டதுல இவரு என்ற தறியில நின்னு பாவு நூலைச் சிக்கலாக்கி வெச்சிருக்காருங்க அதை எடுக்கறதுக்கே ஒரு வாரம் ஆகுமாட்ட இருக்குதுங்க எங்க மாமியா வேற சோத்துல உப்பே போடறதில்லீங்க கேட்டா டாக்டரம்மா சொன்னாங்கங்கறாங்க நீங்க அப்படிச் சொன்னீங்ளா?"

"நான் சொல்லவே இல்லை" என்றார் டாக்டரம்மா. அப்புறம்தான் குழாயை எடுத்தார். சும்மா பேருக்கு.

பழனிச்சாமி வாசலில் நின்றிருந்தான். "உள்ள வாங்க, ஊசி போடலாம்" என்று நான் கூப்பிட்டேன். "போங்கக்கா" என்று வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டான்.

தை பிறந்து, நிறைமாசத்தில், எங்கள் ஓட்டு வீட்டு ஆஸ்பத்திரியிலேயே மரகதத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் கையில் வாங்கினேன். நல்ல கனம். என்ன குரல் தெரியுமா? குடோனுக்குள்ளே நின்று அழுதால்கூடக் கேட்டிருக்கும். மாமியார், "தறிக்காரி புள்ளைன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மணிகளா, உங்களுக்கு இப்போது விரலில் மாட்டுகிற கிளிப் இருக்கிறது, மூச்சு எவ்வளவு என்று எண் காட்டுகிறது. மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிளிப்பை யார் விரலில் மாட்டுவது என்று அது சொல்லாது. அன்றைக்குச் சீட்டு வாங்கினவன் பழனிச்சாமி. சுவரோரம் நின்றவள் மரகதம். துணைக்கு வந்தவரையும் பாருங்கள். புருஷன் பதில் சொல்கிறான், மாமியார் பதில் சொல்கிறாள், உங்களுக்கே தெரிந்த மனுஷி, தலையாட்டினாலே உங்களுக்குப் புரிந்துவிடுகிறது என்றால், அப்போதுதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவரையே ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முழுசாகச் சொல்லி முடிக்கிறாரா என்று கேளுங்கள். வேலை அதிகம் என்று சொல்வீர்கள். எங்களுக்கும் வாசல் நிறையச் செருப்பு இருந்தது.

சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

என்ன கண்ணு, எழுதிப்போட்டியா? தலையை ஆட்டறே. ஆரம்பத்துல இருந்து பார்க்கறேன், எதைக் கேட்டாலும் தலையைத்தான் ஆட்டறே. டீ வேணுமான்னா ஆட்டறே, குளுருதான்னா ஆட்டறே. காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு நீதான் சொன்னே.

பேனாவைக் கீழ வெய்யி. இப்படி எனக்கு நேரா உக்காரு. முதல்ல இருந்து படி, கேக்கறேன். மொணமொணன்னு வேண்டாம், சத்தமாப் படி. மரகதம் ஊருக்குத் திரும்பி வந்து டாக்டரம்மாகிட்டச் சொன்னாளே, அந்த இடம் வந்தா நடுவுல நிக்காதே. ஒரே மூச்சுல படி சாமி.